காதல் என்னும் கண்டம்: மூன்று சீனப் புராணத் தொடர்கள்

2017-இல் வெளிவந்த ‘எடர்னல் லவ்’ என்னும் சீனத் தொடரை நான் இரண்டு முறை முழுமையாகப் பார்த்திருக்கிறேன். முதல் முறை தனியாக, கைபேசியில், வேலை முடிந்த இரவுகளில் பார்த்தேன். இரண்டாம் முறை காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் வீட்டில், பட்டாலையில் ஒரு முக்காலியின் மேல் மடிக்கணினியை வைத்து, ஆங்கில சப்டைட்டிலை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிச் சொல்லி, என் அப்பத்தாவுடன் பார்த்தேன். மொத்தம் 58 பகுதிகள். பகுதிக்கு 45 நிமிடம் என்று கணக்கிட்டால் 43 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நிறுத்தி நிறுத்தி நான் விளக்கம் சொன்ன நேரத்தையும் சேர்த்தால் அது எங்கேயோ போய்விடும். சித்திரையில் தொடங்கிய நாங்கள் முடிக்கும்போது ஆடி பிறந்துவிட்டது. அந்த இரண்டாம் முறைதான் இந்த வகைத் தொடர்களில் எது நன்றாக இருக்கிறது, எது ஏன் தோற்கிறது என்பதை எனக்குத் தெளிவாக்கியது. ஆகையால் இந்த விமர்சனத்தில் உள்ள கருத்துகளில் பாதி அப்பத்தாவுடையவை. கதை முடிச்சுகளை அவிழ்க்காமல் இவற்றைப் பற்றிப் பேச இயலாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்த வகைக்குச் சீன மொழியில் ‘சியான்சியா’ என்று பெயர். ‘சியான்’ என்றால் தவத்தால் சாகாநிலை பெற்றவர், ‘சியா’ என்றால் வீரர். 1995-இல் தைவானில் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டைத் தழுவி 2005-இல் எடுக்கப்பட்ட ‘சைனீஸ் பாலடின்’ என்ற தொடர் இதற்குத் தொலைக்காட்சியில் வழி திறந்தது. அதற்கு வெகு முன்பே, 1986-இல், குரங்கரசன் சுன் வுகோங்கின் கதையான ‘மேற்குப் பயணம்’ சீன வீடுகளில் புராணத்தைச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்திருந்தது. ஆனால் அது துறவியின் கதை, காதலுக்கு அங்கே இடமில்லை. சியான்சியா தொடர்களில் விண்ணுலகம், அசுர உலகம், மானுட உலகம் என்று பல உலகங்கள் உண்டு. விண்ணவர்கள் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்வார்கள், தவம் செய்து படிப்படியாக உயர்வார்கள், அவ்வப்போது மண்ணில் மனிதராகப் பிறந்து ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்து மேலே திரும்புவார்கள். ஒவ்வொருவரின் மண்ணுலக வாழ்வையும் முன்கூட்டியே எழுதி வைப்பதற்கென்று சிமிங் என்றொரு தேவர் இருக்கிறார். தலையெழுத்து, சாபம், வரம், மறுபிறவி என்று வளர்ந்த ஒரு தமிழ் வீட்டுக்கு இதில் எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்பத்தாவுக்கு நான் கதையை அறிமுகப்படுத்தியபோது அவர் உடனே பிடித்துக்கொண்டது வள்ளி திருமணத்தை. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு ஆர்மோனியத்தோடு தொடங்கி விடியும்வரை நடக்கும் அந்த நாடகத்தை அவர் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து பார்த்து வந்தவர். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தை இன்றைக்கும் பாதி ஒப்பிப்பார். முற்பிறவியில் திருமாலின் மகளாக முருகனை வேண்டித் தவமிருந்தவள், இப்பிறவியில் அதை எதுவும் அறியாமல் பரண்மேல் நின்று தினைப்புனத்தைக் காவல் காக்கிறாள். அவனுக்கு அவள் யாரென்று தெரியும், அவளுக்கு அவன் யாரென்று தெரியாது. வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தண்ணீர் கேட்கிறான். ஒருவருக்கு நினைவிருந்து மற்றவருக்கு மறந்துபோன காதல் என்னும் இந்த அமைப்புதான் ‘எடர்னல் லவ்’ தொடரின் முதுகெலும்பு. சீன எழுத்தாளருக்கு வள்ளியைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இரண்டு மரபுகளும் தாமாகவே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு உண்மையாகவே வியப்பளிக்கிறது.

தொடரின் சீனத் தலைப்பு ‘மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து லி தூரப் பீச் மலர்கள்’ என்று பொருள்படும். நாயகி பாய் சியன், சிங்சியு நாட்டின் ஒன்பது வால் நரிக் குலத்துப் பெண். இந்த நரியும் அந்த நாடும் தொடருக்காகக் கற்பனை செய்யப்பட்டவை அல்ல. ‘ஷான் ஹாய் ஜிங்’ என்ற மிகப் பழைய சீன நூலில், மலைகளையும் கடல்களையும் அவற்றில் வாழும் விந்தை உயிர்களையும் வரிசைப்படுத்திச் சொல்லும் அந்த நூலில், இடம்பெற்றவை. முதல் வாழ்வில் அவள் ஆண் வேடமிட்டுக் குன்லுன் மலையில் போர்த்தெய்வமான மோ யுவானிடம் பதினேழாவது சீடனாகச் சேர்கிறாள். எல்லாரும் அவளைப் ‘பதினேழு’ என்றே கூப்பிடுகிறார்கள். குரு தம் உயிரைக் கொடுத்து எதிரியை ஒரு மந்திர மணியின் உள்ளே அடைத்துவிட்டுச் சாய்ந்தபின், அவருடைய உடல் அழியாதிருக்க 70,000 ஆண்டுகள் தன் நெஞ்சுக் குருதியைக் கொடுத்து வருகிறாள். இரண்டாம் வாழ்வில் நினைவும் ஆற்றலும் இழந்து, சு சு என்ற சாதாரண மானுடப் பெண்ணாக ஒரு மலையில் தனியாக வாழ்கிறாள். அடிபட்டு விழுந்த விண்ணுலகப் பட்டத்து இளவரசன் யே ஹுவாவைக் காப்பாற்றிக் கணவனாக ஏற்கிறாள். மூன்றாம் வாழ்வில் மீண்டும் பாய் சியன் ஆகிறாள், இரண்டாம் வாழ்வின் நினைவு துளியும் இல்லாமல். மூன்று வாழ்வுக்கும் யாங் மி ஒருவரே நடித்திருக்கிறார். மோ யுவானாகவும் யே ஹுவாவாகவும் மார்க் சாவ் இரட்டை வேடம் பூண்டிருக்கிறார்.

சு சுவின் பகுதிதான் தொடரின் உச்சம். விண்ணுலகத்துக்கு அழைத்து வரப்பட்ட அந்த மானுடப் பெண்ணுக்கு அங்கே ஆற்றலும் இல்லை, ஆதரவும் இல்லை. அவள்மேல் பொறாமை கொண்ட சு ஜின் என்பவள் தானே மேடையிலிருந்து விழுந்து, சு சுதான் தள்ளினாள் என்று பழி போடுகிறாள். சு ஜின்னின் கண்கள் போனதற்கு ஈடாகச் சு சுவின் கண்கள் எடுக்கப்படுகின்றன, அதுவும் யே ஹுவாவின் கையாலேயே. அதைவிடக் கொடிய தண்டனையிலிருந்து அவளைக் காப்பாற்ற அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் அது அவளுக்குத் தெரியாது. கண்கட்டோடு அவள் தூணைத் தடவித் தடவி அறையை அளந்து பழகும் காட்சியில் இசை ஏதும் பெரிதாக எழவில்லை. துணி உரசும் ஓசையும் அவளுடைய மூச்சும் மட்டுமே கேட்கின்றன. குழந்தையைப் பெற்றெடுத்த பிறகு, மலையில் வாழ்ந்த காலத்தில் அவன் கொடுத்த செம்புக் கண்ணாடி வழியாக அவனிடம் கடைசியாகப் பேசிவிட்டு, விண்ணவர்களே அஞ்சும் அந்த மேடையிலிருந்து குதித்துவிடுகிறாள். முதல் முறை பார்த்தபோது நான் இந்த இடத்தில் அழுதுவிட்டு மூன்று நாள் தொடரைத் தொடவில்லை.

அப்பத்தா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏத்தா, இது அவளுக்கு ஒரு கண்டம்ல? கண்டம் கழிஞ்சா எந்திரிச்சிருவா” என்றார். நான் அடுத்த காட்சியை ஓடவிட்டேன். குதித்த சு சு சாகவில்லை. பாய் சியனாக விழித்தாள். அந்தத் துயர வாழ்வு முழுவதும் அவள் தேவநிலையில் ஒரு படி உயர்வதற்காகக் கடக்க வேண்டியிருந்த சோதனை என்று கதை சொல்கிறது. சீனத்தில் இதற்கு ‘ஜியே’ என்று பெயர். நான் அதுவரை ‘சோதனை’ என்றும் ‘பெருந்துன்பம்’ என்றும் எதையெதையோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஜாதகத்தில் இன்ன வயதில் நீரால் கண்டம், நெருப்பால் கண்டம், அதைத் தாண்டிவிட்டால் ஆயுள் கெட்டி என்று நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல் அந்த இடத்தில் அச்சாகப் பொருந்தியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜியே என்றால் கண்டம்தான்.

அந்தச் சொல் கிடைத்ததும் இந்தத் தொடர்களை மதிப்பிட எனக்கு ஓர் அளவுகோலும் கிடைத்துவிட்டது. நல்ல சியான்சியா தொடரில் காதலேதான் கண்டம். புராணத்தின் சட்டம் காதலர்களிடம் உண்மையான விலை கேட்கும். கண்களைக் கேட்கும், நினைவைக் கேட்கும், சில வேளைகளில் உயிரையே கேட்கும். அந்த விலையைத் தராமல் இருவரும் சேர முடியாது என்னும்போது நம் நெஞ்சு பதைக்கிறது. மோசமான தொடரில் புராணம் வெறும் மேடை அலங்காரம். மேகமும் மிதக்கும் மாளிகையும் இருக்கும். ஆனால் காதலர்களைப் பிரிப்பது வெறும் தவறான புரிதல், அதுவும் இரண்டு வரி பேசினால் தீர்ந்துவிடக்கூடியது. அத்தகைய கதைக்குத் தேவர்கள் எதற்கு?

‘எடர்னல் லவ்’ தொடரின் பின்பாதியை நான் முன்பாதியைவிட அதிகம் நேசிக்கிறேன். பாய் சியனுக்கு வயது 1,40,000. யே ஹுவாவுக்கு 50,000. தன்னைவிட இத்தனை இளையவனைக் கட்டிக்கொள்வதா என்று அவள் கூசுகிறாள். அவனோ சமையலறையில் நின்று அவளுக்குச் சமைத்துப் போடுகிறான். மூன்று நூறு ஆண்டு வயதான அவர்களுடைய மகன் ஆ லி, அவளைப் பார்த்த கணமே அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவருகிறான். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. நமக்குப் புரியும், யே ஹுவாவுக்கும் புரியும். அவன் அவளுக்கு நினைவூட்டவே இல்லை; நினைவு வந்தால் அவள் தன்னை வெறுப்பாள் என்று அஞ்சி, மறதியையே அருளாக ஏற்று, முதலிலிருந்து அவளுடைய அன்பைச் சம்பாதிக்க முயல்கிறான். ஒரு கறியை எடுத்து அவள் தட்டில் வைக்கும் காட்சியில்கூட அந்த அச்சம் தெரியும்படி மார்க் சாவ் நடித்திருக்கிறார். பின்னர் நினைவு திரும்பி, பாய் சியன் விண்ணுலகம் சென்று சு ஜின்னிடம் தன் கண்களைத் திருப்பி வாங்கும் காட்சி வரும்போது, எங்கள் பட்டாலையில் அப்பத்தாவோடு பக்கத்து வீட்டு ஆச்சியர் இருவரும் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பகுதியை மறுநாளும் போடச் சொன்னார்கள்.

மெதுவாக நகர்கிறது என்பது இந்தத் தொடர்கள்மேல் எல்லாரும் சொல்லும் குறை. நாயகனும் நாயகியும் கையைப் பிடித்துக்கொள்ளவே பதினைந்து இருபது பகுதிகள் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா நடக்கும் ஊரைச் சேர்ந்தவர்களுக்கு இது குறையாகப்படாது. மிதிலையில் இராமனும் சீதையும் ஒருவரை ஒருவர் பார்த்த அந்த ஒரே பார்வையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவும், அதைச் சபை முழுவதும் அசையாமல் கேட்கவும் முடிகிற மண் இது. பார்வையிலேயே நிற்கும் காதலை ரசிக்க நமக்குப் பயிற்சி இருக்கிறது.

மொழி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு செயலியில், தமிழில் டப் செய்யப்பட்ட ஒரு சீனப் புராணத் தொடர் இருப்பதாக அறிந்து, அப்பத்தா நேரடியாகக் கேட்டுப் புரிந்துகொள்ளட்டுமே என்று ஓராண்டுச் சந்தா கட்டினேன். குருவை ‘மாஸ்டர்’ என்றார்கள், தவத்தைப் ‘பவர் பயிற்சி’ என்றார்கள், கண்டத்தைப் ‘பேரழிவு’ என்றார்கள். பேரரசரின் முன்னால் மண்டியிட்ட தளபதி ‘ஓகே’ என்றார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பாதித் தொடரோடு டப்பிங் நின்றுவிட்டது. மீதிப் பகுதிகள் எப்போது வரும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற ஒரே பதில்தான் வந்தது. சந்தா கட்டுவதற்கு முன் எல்லாப் பகுதிகளும் தமிழில் இருக்கின்றனவா என்று கடைசிப் பகுதிவரை போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஆங்கில சப்டைட்டிலும் முழுத் தீர்வு இல்லை. ‘எடர்னல் லவ்’ தொடரில் ஃபெங் ஜியு என்ற இளம் நரி, பாய் சியனைக் ‘குகு’ என்று அழைக்கிறாள். ஆங்கிலத்தில் அது ‘ஆன்ட்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் சித்தியும் பெரியம்மாவும் அத்தையும் மாமியும் ஒன்றாகக் கரைந்துபோகிறார்கள். சீனத்தில் குகு என்றால் அப்பாவின் உடன்பிறந்தவள் மட்டுமே. பாய் சியன் ஃபெங் ஜியுவின் தந்தைக்குத் தங்கை. நான் “அயித்தை” என்று மொழிபெயர்த்த கணத்தில், பாய் சியனுக்கு அந்தப் பெண்மேல் ஏன் அத்தனை உரிமை, ஏன் அந்தக் கண்டிப்பு என்பதெல்லாம் அப்பத்தாவுக்கு விளங்கிவிட்டது. ஆங்கிலத்தில் தொலைந்துபோன உறவு தமிழில் முழுமையாகத் திரும்பி வந்தது. அண்ணன், தம்பி, மூத்த சீடர், இளைய சீடர் என்று வயதையும் வரிசையையும் பார்த்தே கூப்பிடும் சீனர்களின் பழக்கத்தைத் தமிழ் அளவுக்கு இயல்பாக ஏந்திக்கொள்ளும் மொழிகள் குறைவு. நல்ல தமிழ் அறிந்த ஒருவரை உட்காரவைத்து இந்தத் தொடர்களை ஒழுங்காக மொழிபெயர்த்தால் எத்தனையோ வீடுகளில் இவை கொண்டாடப்படும். அதைச் செய்ய ஒரு நிறுவனம் முன்வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரண்டாவதாக நான் பரிந்துரைப்பது 2018-இல் வந்த ‘ஆஷஸ் ஆஃப் லவ்’. 63 பகுதிகள். யாங் ஸியும் டெங் லுன்னும் நடித்தது. மலர்த் தெய்வம் ஒருத்தி, காதலால் தான் பட்ட துன்பம் மகளுக்கு வரக்கூடாது என்று, பிறந்த குழந்தைக்கே உணர்வை அடைக்கும் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு இறந்துபோகிறாள். அந்தக் குழந்தை ஜின் மி, தன்னை ஒரு சாதாரணத் திராட்சைக் கொடியின் ஆவி என்று நம்பி வளர்கிறாள். எரிந்து கருகி வந்து விழுந்த ஃபீனிக்ஸ் பறவையான இளவரசன் சூ ஃபெங்கைக் காக்கை என்று நினைத்து எடுத்து வைத்துக்கொள்கிறாள். காதலர்களுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடும் நிலவடிக் கிழவர் இந்தத் தொடரில் நாயகனின் சித்தப்பாவாகவே வந்து கலகலப்பூட்டுகிறார். முதல் இருபது பகுதிகள் இப்படி இனிப்பாகவே ஓடும். ஜின் மி காதலிக்கவில்லை. காதலிக்க அவளால் முடியாது. அவளைச் சுற்றியுள்ளவர்கள்தான் காதலித்துத் துன்பப்படுகிறார்கள்.

பிறகு, தன் தந்தையைக் கொன்றது சூ ஃபெங்தான் என்று நம்பி, அவள் அவனைக் குத்திவிடுகிறாள். அவன் கரைந்து மறைகிறான். அந்தக் கணத்தில் அவள் வயிற்றிலிருந்த மாத்திரை வாய்வழியே வெளியே வந்து விழுகிறது. இத்தனை காலம் அடைபட்டிருந்த காதல், அவன் இல்லாமல் போன பிறகு, ஒட்டுமொத்தமாக அவளுக்குள் பாய்கிறது. நெஞ்சில் என்னவோ வலிக்கிறது, இது என்ன நோய் என்று அவள் கேட்கிறாள். அது காதல் என்று அவளுக்குச் சொல்லித்தரக்கூட ஆளில்லை. யாங் ஸி இந்தக் காட்சியில் செய்திருப்பதை வேறு எந்தச் சீன நடிகையிடமும் நான் பார்த்ததில்லை. தாயின் அன்பு மகளுக்குக் கண்டமாக முடிகிறது என்பது எவ்வளவு கூர்மையான புராணக் கற்பனை!

இந்தத் தொடரில் எனக்குள்ள குறை, அந்தக் காட்சிக்குப் பின் வரும் பகுதிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன என்பதுதான். அதே சோகம், அதே முன்கதைக் காட்சிகள் மீண்டும் மீண்டும். இரவுத் தெய்வமான ருன் யூவாக வரும் லுவோ யுன்ஷி மட்டும் அந்த நீளத்தைத் தாங்கிப் பிடிக்கிறார். மூத்த மகனாகப் பிறந்தும் அரண்மனையில் யாரும் பொருட்படுத்தாமல், கனவுகளை உண்ணும் ஒரு மான் மட்டும் துணையாக வாழ்ந்த மென்மையான மனிதன், படிப்படியாக அதிகாரத்தைக் கைப்பற்றுகிறவனாக மாறுவதை அவர் குரல் உயராமலே காட்டிவிடுகிறார். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுப்பது மூன்றாவது தொடரைத்தான். 2022-இல் ஐச்சியி தளத்தில் வெளிவந்த ‘லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்’, 36 பகுதிகளே கொண்டது. நீளம் குறைந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் சீன ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பு, தொடர்கள் 40 பகுதிகளுக்கு மேல் போக வேண்டாம் என்றும், 30-க்குள் முடிப்பது நல்லது என்றும் அறிவுறுத்தியது. இழுவைக் காட்சிகளால் சலித்துப்போன என்னைப் போன்ற ரசிகர்களுக்கு அது நன்மையாகவே அமைந்தது.

நாயகி சியாவ் லான்ஹுவா ஓர் ஆர்க்கிட் மலரின் ஆவி. விண்ணுலகில் மிகக் கீழ்நிலைப் பணியாள். சிமிங் தேவரின் மாளிகையில் கிழிந்துபோன விதி ஏடுகளைச் செப்பனிடுவது அவள் வேலை. சித்திரகுப்தன் கணக்கு எழுதுவதைத்தான் நாம் கேட்டிருக்கிறோம். அந்த ஏடுகளைத் தைத்து ஒட்டுகிற ஒரு சின்னப் பெண் அந்த அறையின் மூலையில் இருப்பாள் என்று யாராவது நினைத்ததுண்டா? அந்த ஒரு கற்பனைக்காகவே இதன் எழுத்தை நான் மதிக்கிறேன். அவள் தவறுதலாகச் சிறைக் கோபுரம் ஒன்றில் விழுந்து, 30,000 ஆண்டுகளாக அடைபட்டிருந்த நிலவுக் குலத் தலைவன் டோங்ஃபாங் சிங்சாங்கை விடுவித்துவிடுகிறாள். இருவர் உடலும் இடம் மாறிவிடுகின்றன. மேலும் ஒரு மந்திரத்தால், அவளுக்கு நேரும் வலியும் துயரமும் அப்படியே அவனுக்கும் நேர்கின்றன. அவள் அழுதால் அவன் நெஞ்சு வலிக்கும். எனவே உலகமே அஞ்சும் அந்த அரக்கன், தன் நலத்துக்காகவே அவளை மகிழ்ச்சியாக வைத்திருக்க வேண்டியவன் ஆகிறான்.

உடல் மாறிய பகுதிகளில் டிலன் வாங், அந்தப் பெரிய கரிய அங்கிக்குள் பயந்த சிறுமியாகக் கூசி நடப்பதையும், எஸ்தர் யூ அந்தச் சிறிய உடலில் நிமிர்ந்து, கண்ணை மட்டும் திருப்பி ஆணையிடுவதையும் பார்த்து அப்பத்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சிரிப்புக்கு அடியில் சோகம் இருக்கிறது. டோங்ஃபாங் சிங்சாங்கைப் போர்க்கருவியாக்க வேண்டி, அவனுடைய தந்தையே அவன் சிறுவனாக இருந்தபோது உணர்வுகளை வேரோடு அழித்துவிட்டார். அவனுடைய உள்ளத்தை ஒரு பட்டுப்போன மரமாகக் காட்டுகிறார்கள். அவளுடைய கண்ணீர் அவன் கண்ணில் வழியத் தொடங்கிய பின், அந்த மரத்தில் ஒரு தளிர் விடுகிறது. எது மந்திரத்தால் வந்த வலி, எது தன்னுடைய வலி என்று அவனுக்கே தெரியாமல் போகும் அந்த எல்லையைத் தொடர் நிதானமாகக் கடக்கிறது. மந்திரம் நீங்கிய பிறகும் வலி நீங்கவில்லை என்று அவன் உணரும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. கிராபிக்ஸ் முந்தைய இரண்டு தொடர்களையும்விட மிகச் சீராக இருக்கிறது. நிலவுக் குலத்தின் உடைகளும் நகைகளும் கண்ணுக்கு விருந்து. மானுட உலகில் நடக்கும் நடுப்பகுதி சற்று இழுக்கிறது. நாயகியின் குரல் குழந்தைத்தனமாக இருப்பதாகத் தொடக்கத்தில் தோன்றும். ஐந்தாறு பகுதிகளில் பழகிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபெங் ஜியுவின் கதையான ‘எடர்னல் லவ் ஆஃப் ட்ரீம்’ 2020-இல் 56 பகுதிகளாக வந்தது. டில்ரபா அழகாக நடித்திருந்தாலும் அதில் கண்டத்தின் கனம் குறைவு. அதே ஆண்டின் ‘லவ் அண்ட் ரிடெம்ப்ஷன்’ தொடரில் நாயகன் படும் அடிகளுக்குக் கணக்கே இல்லை. செங் யியின் நடிப்புக்காகப் பார்க்கலாம். 2023-இன் ‘டில் தி எண்ட் ஆஃப் தி மூன்’ துன்ஹுவாங் குகை ஓவியங்களின் வண்ணங்களை உடைகளில் கொண்டுவந்தது. ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம், ஆனால் கதை 40 பகுதிகளுக்குள் பல முறை தலைகீழாகிவிடுவதால் அப்பத்தாவுக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

இந்த வகை முழுவதற்கும் பொதுவான ஒரு குறையை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாயகியைப் பார்த்துப் பொறாமைப்படுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத இரண்டாவது பெண் பாத்திரம் ஏறக்குறைய எல்லாத் தொடர்களிலும் இருக்கிறாள். பல்லாயிரம் ஆண்டுகள் தவம் செய்த ஒரு தேவமகளுக்கு இவ்வளவு சிறிய மனத்தைக் கொடுப்பது எழுத்தாளர்களின் சோம்பல். சு ஜின்னுக்காவது குலத்தையே போரில் இழந்த அனாதை என்ற பின்னணி உண்டு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

இப்போது நாங்கள் ‘லாஸ்ட் யூ ஃபாரெவர்’ தொடரில் இருக்கிறோம். முதல் பருவம் 2023-இல் 39 பகுதிகளாகவும், இரண்டாம் பருவம் 2024-இல் 23 பகுதிகளாகவும் வந்தது. இதுவும் ‘ஷான் ஹாய் ஜிங்’ உலகத்தில் நடப்பதே. ‘ஆஷஸ் ஆஃப் லவ்’ தொடரின் யாங் ஸிதான் இதிலும் நாயகி. அவளைச் சுற்றி மூவர் இருக்கிறார்கள். அவர்களில் சியாங் லியு என்பவன் ஒன்பது தலைப் பாம்பு. வெள்ளை முடியும் வெள்ளை உடையுமாக வருகிற அவனாக டான் ஜியான்சி நடிக்கிறார். தோற்கப்போவது உறுதியான ஒரு படைக்குச் செஞ்சோற்றுக் கடன் பட்டவன். அவளை நேசிப்பதை ஒரு முறைகூட வாய்விட்டுச் சொல்லமாட்டான், போரிலேயே இறந்துபோவான். நான் ஏற்கெனவே ஒரு முறை பார்த்துவிட்டேன். அப்பத்தாவுக்குச் சொல்லவில்லை. சோற்றுக் கடன் என்றதும் கர்ணன் மாதிரியா என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து அவன் எந்தக் காட்சியில் வந்தாலும் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிடுகிறார்.

இரண்டாம் பருவத்தில் இன்னும் எட்டுப் பகுதிகள் மீதம் இருக்கின்றன. நேற்று இரவு மடிக்கணினியை மூடும்போது, “இவனுக்கும் கண்டம் கழிஞ்சிருமுல்ல ஆத்தா?” என்று கேட்டார். நான் பார்ப்போம் அப்பத்தா என்று சொல்லிவிட்டு முக்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.